தடமாற்றமும் பிங் சோதனையும்: லினக்ஸில் இரட்டை நுழைவாயில் நடைமுறை

ஒரு கணினி தன் வலையமைப்பைச் சேராத முகவரிக்குத் தரவுப்பொதி ஒன்றை அனுப்ப நேர்ந்து, அம்முகவரிக்கெனத் தனிவழி எதுவும் குறிக்கப்படாதிருக்கும்போது, அப்பொதியை வாங்கிக்கொண்டு மேலே அனுப்பும் அடுத்த கருவியே டீஃபால்ட் கேட்வே எனப்படும் இயல்பு நுழைவாயில் ஆகும். சிறு அலுவலகம் ஒன்று ஒரு நிறுவனத்திடம் ஃபைபர் இணைப்பையும், அது அறுந்தால் கைகொடுப்பதற்காக இன்னொரு நிறுவனத்திடம் 4ஜி இணைப்பையும் பெற்று, இரண்டையும் ஒரே லினக்ஸ் கணினியில் சேர்க்கும்போது அக்கணினிக்கு இரண்டு இயல்பு நுழைவாயில்கள் அமைந்துவிடுகின்றன. முதல் வழி கெட்டதும் இரண்டாவது வழிக்குத் தானாக மாறுவதை ஃபெயில்ஓவர் என்பர். இக்கட்டுரையில் அது தடமாற்றம் எனக் குறிக்கப்படுகிறது. இதற்குப் பரவலாகக் கையாளப்படும் முறை எளிமையானது: இரண்டு வழிகளையும் வெவ்வேறு மெட்ரிக் எண்களுடன் வழித்தட அட்டவணையில் எழுதி, சில நொடிகளுக்கு ஒருமுறை வெளியே உள்ள முகவரி ஒன்றுக்குப் பிங் அனுப்பும் ஷெல் நிரலை ஓடவிட்டு, பதில் நின்றுபோனால் முதல் வழியை அட்டவணையிலிருந்து நீக்கிவிடுவர். சில வரிகளில் எழுதி முடித்துவிடக்கூடிய இந்நிரல் எண்ணற்ற அலுவலகங்களின் இணையத்தைக் காத்து வருகிறது என்பது உண்மை. ஆனால் அதன் குறைகள் இணைப்பு அறுந்த பின்னரே வெளிப்படுபவை என்பதால், அவற்றை முன்கூட்டியே எடைபோட்டுப் பார்க்க வேண்டிய தேவை இருக்கிறது.

இத்தகைய நிரல் ஏன் தேவைப்படுகிறது என்பதை அறிய, மெட்ரிக் என்ற எண்ணால் ஆவது என்ன, ஆகாதது என்ன என்று முதலில் பார்க்க வேண்டும். ஒரே இலக்குக்கு இரு வழிகள் இருந்தால் குறைந்த மெட்ரிக் உடைய வழியையே லினக்ஸ் கெர்னல் தேர்ந்தெடுக்கும். அவ்வழி அட்டவணையில் இருக்கும்வரை மற்றதன் பக்கம் அது திரும்பாது. மெட்ரிக் காட்டுவது விருப்ப வரிசையை மட்டுமே. வழியின் உடல்நலம் பற்றி அதற்கு எதுவும் தெரியாது. இடைமுகத்தை நிர்வாகி தானே அணைத்துவிட்டால் அதன் வழிகள் அட்டவணையிலிருந்து மறைந்துவிடும். கம்பி மட்டும் கழன்றால், கெர்னல் அவ்வழியின் மீது இணைப்பு வீழ்ந்தது என்ற குறியை இடுகிறதே தவிர, அக்குறியுள்ள வழிகளைப் புறக்கணிக்கச் சொல்லும் அமைப்பு இயல்பாகவே அணைக்கப்பட்டிருப்பதால், பொதிகளை அதே வழியில் அனுப்பிக்கொண்டிருக்கும். நெட்வொர்க்மேனேஜர் போன்ற மேலாண்மை நிரல் ஒன்று இருந்தால் அது இக்குறையைச் சரிசெய்துவிடும். வெறும் கெர்னலை மட்டும் நம்பியிருப்பவருக்கு அந்த உதவியும் இல்லை.

ஒரே மெட்ரிக்கில் இரண்டு இயல்பு வழிகளைச் சேர்த்தால் கெர்னல் ஓரளவு தானே தீர்மானிக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். அப்போது அது அண்டை அட்டவணையைப் பார்க்கிறது. அதாவது ஆர்ப் நெறிமுறை வழியாக அந்த நுழைவாயிலின் வன்பொருள் முகவரி அண்மையில் உறுதியானதா என்று பார்த்து, உறுதியாகாத நுழைவாயிலைத் தவிர்க்க முயல்கிறது. ஆனால் இன்றைய அமைப்பில் நுழைவாயில் என்பது பெரும்பாலும் அதே அறையின் சுவரில் மாட்டியிருக்கும் மோடம்தான். மின்சாரம் இருக்கும்வரை அது ஆர்ப் கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டேயிருக்கும். தெருவில் ஃபைபர் அறுந்துகிடப்பது அந்தப் பதிலில் தெரியாது. கம்பியில் உயிர் இருக்கிறதா, நுழைவாயில் விழித்திருக்கிறதா, நுழைவாயிலுக்கு அப்பால் வழி திறந்திருக்கிறதா என்பவை மூன்று வேறுபட்ட கேள்விகள். கெர்னலால் முதல் இரண்டுக்கு அரைகுறையாக விடை காண முடிகிறது, மூன்றாவதற்கு முடிவதில்லை. அலுவலகத்தில் இணையம் போய்விட்டது என்று பயனர் முறையிடுவதோ பெரும்பாலும் அந்த மூன்றாவது கேள்வியைப் பற்றித்தான். பிங் நிரலின் மிகப்பெரிய வலிமை, அது நேரடியாக அம்மூன்றாவது கேள்வியைக் கேட்கிறது என்பதே.

இங்கே ஒரு வரலாற்று முரணைச் சுட்டாமல் செல்ல முடியாது. நுழைவாயில் செத்துவிட்டதை ஒரு கணினி எப்படி அறிவது என்ற வினா மிகப் பழமையானது. 1982ஆம் ஆண்டில் டேவிட் கிளார்க் எழுதிய ஆர்.எஃப்.சி. 816 என்ற இணைய நெறிமுறை ஆவணம் அதை விரிவாகவே ஆராய்கிறது. இணையத்தில் இணையும் கணினிகள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று வகுத்த 1989ஆம் ஆண்டின் ஆர்.எஃப்.சி. 1122, ஒன்றுக்கு மேற்பட்ட இயல்பு நுழைவாயில்களைக் கையாளும் திறன் ஒவ்வொரு கணினிக்கும் கட்டாயம் என்று சொல்லிவிட்டு, முதல் நுழைவாயிலைத் தொடர்ந்து பிங் செய்துகொண்டே அதன் நிலையைச் சோதிப்பதை வெளிப்படையாகத் தடைசெய்கிறது. அத்தகைய சோதனை செலவு மிக்கது, கணினிகளின் எண்ணிக்கை பெருகும்போது தாங்காது என்பதே அது கூறும் காரணம். வேறு சான்று எதுவும் இல்லாதபோது, அதுவும் அந்த நுழைவாயில் வழியே உண்மையாகப் பொதிகள் சென்றுகொண்டிருக்கும்போது மட்டும், பிங் அனுப்பலாம் என்று அந்த ஆவணம் ஒரு சிறு இடம் விடுகிறது. இன்று ஆயிரக்கணக்கில் ஓடும் நிரல்கள் அந்த வரம்பை மீறிய நடைமுறையையே கைக்கொள்கின்றன.

இந்த மீறலை எப்படி மதிப்பிடுவது? தடையின் வெளிப்படைக் காரணம் இன்று வலுவிழந்துவிட்டது. ஒரே நுழைவாயிலை நூற்றுக்கணக்கான கணினிகள் பகிர்ந்துகொண்ட மெதுவான இணைப்புகளின் காலம் வேறு, ஐந்து நொடிக்கு ஒரு சிறு பொதி என்பது சுமையே ஆகாத இக்காலம் வேறு. ஆனால் அந்த ஆவணத்தின் அடிப்படைச் சிந்தனை இன்னும் உயிர்ப்புடன் இருக்கிறது. ஒரு வழி வேலை செய்கிறதா என்பதற்கு மிகச் சிறந்த சான்று அதில் ஏற்கெனவே செல்லும் உண்மையான பொதிகளே, டி.சி.பி. உரையாடல் ஒன்றுக்கு ஒப்புதல் வந்துகொண்டிருந்தால் வழி நலமாயிருக்கிறது, திரும்பத் திரும்ப அனுப்பியும் ஒப்புதல் இல்லையென்றால் ஐயம் எழ வேண்டும் என்று அது மேலடுக்கின் அனுபவத்தைக் கீழடுக்குக்கு அறிவுரையாக்குகிறது. லினக்ஸில் அந்தச் சிந்தனையின் தடயம் இன்றும் உண்டு: டி.சி.பி. ரிட்ரைஸ் 1 என்ற அமைப்பின் இயல்பு மதிப்பு 3. அத்தனை மறுஅனுப்பலுக்குப் பிறகு டி.சி.பி. தன் ஐயத்தை வலையடுக்குக்குத் தெரிவிக்கிறது. ஆயினும் ஐ.பி. நான்காம் பதிப்பில் அந்த ஐயம் வழித்தட அட்டவணையின் விருப்ப வரிசையை மாற்றும் அளவுக்குச் செல்வதில்லை. தெரிவிக்கப்படுகிறது, அத்துடன் நின்றுவிடுகிறது. பிங் நிரல்களை எழுதுவோர் இந்தச் சான்றை முற்றிலும் மறந்துவிட்டது பெரிய இழப்பு. பல உரையாடல்கள் அவ்வழியே நன்றாக நடந்துகொண்டிருக்கும்போது, எங்கோ ஒரு சேவையகம் பிங்குக்குப் பதில் தராததை மட்டும் வைத்து வழியையே கெட்டதென்று அறிவிக்கும் நிரல், கண்முன் உள்ள சான்றைப் புறந்தள்ளித் தொலைவில் உள்ள ஒற்றைச் சாட்சியின் மௌனத்தை நம்புகிறது.

அந்த ஒற்றைச் சாட்சி பெரும்பாலும் 8.8.8.8 என்ற கூகுளின் பெயர்த்தீர்வு முகவரியாக இருக்கிறது. அது பெயர்க் கேள்விகளுக்கு விடை தருவதற்காக நிறுவப்பட்டது. பிங்குக்குப் பதில் தருவது அதன் கடமையன்று. பிங் பயன்படுத்தும் ஐ.சி.எம்.பி. வகைப் பொதிகளுக்கு அளவுக் கட்டுப்பாடு விதிப்பதும் நெரிசலில் அவற்றை முதலில் கைவிடுவதும் வலையமைப்புகளில் இயல்பு. ஒன்றையொன்று சாராத இரண்டு மூன்று இலக்குகளைச் சோதித்து, அவற்றுள் பெரும்பான்மை மௌனமானால் மட்டுமே வழியைக் கைவிடுவது இக்குறையைப் பெருமளவு நீக்கும். ஓப்பன்டபிள்யுஆர்டி திசைவிகளில் பயன்படும் எம்வான்3 தொகுப்பு, எத்தனை இலக்குகள் பதில் தந்தால் வழி நலம் என்பதை நிர்வாகியே வரையறுக்க இடம் தருவது இந்த அனுபவத்தின் விளைவே.

இலக்கைவிட ஆழமான சிக்கல், சோதனைப் பொதி எந்த வழியாகச் செல்கிறது என்பது. வழி குறிக்காமல் பிங் அனுப்பும் நிரல் தடமாற்றத்துக்குப் பிறகு மாற்றுவழியைத்தான் சோதித்துக்கொண்டிருக்கும்; மாற்றுவழியில் வந்த பதிலைக் கண்டு முதல் வழி உயிர்பெற்றதாக எண்ணித் திரும்பி, மீண்டும் பதிலின்றித் தவித்து, மீண்டும் மாறி, முடிவின்றி ஊசலாடும். இதைத் தவிர்க்கப் பிங் கட்டளையில் இடைமுகத்தின் பெயரைச் சேர்த்து, பொதியை அந்த இடைமுகத்தோடு கட்டிவிடுவர். முதல் வழி அட்டவணையில் இருக்கும்வரை, அதன் மெட்ரிக் எவ்வளவு உயர்ந்திருந்தாலும், கட்டப்பட்ட பொதி அந்த நுழைவாயில் வழியாகவே செல்லும். ஆனால் நிரல் அவ்வழியை நீக்கியிருந்தால் நிலைமை வேறு: அந்த இடைமுகத்துக்கெனப் பொருந்தும் வழி எதுவும் இல்லாததைக் கண்ட கெர்னல், இலக்கு அதே கம்பியில் நேரடியாக இருக்கிறது என்று கொண்டு, 8.8.8.8 யாருடையது என்று உள்ளூரிலேயே ஆர்ப் கேள்வி எழுப்பும். யாரும் பதில் தரமாட்டார்கள். ஃபைபர் சீராகிப் பல மணி நேரம் ஆன பின்பும் நிரல் அவ்வழி செத்துக்கிடப்பதாகவே முடிவுசெய்யும். வழியை நீக்குவது என்ற செயலே, அவ்வழி பிழைத்ததை அறியும் வாயிலை அடைத்துவிடுகிறது. இந்நடைமுறையின் குறைகளுள் இதையே முதலாவதாகக் கருத வேண்டும். மற்றவை தாமதத்தையோ இடையூறையோ தருபவை, இது நடைமுறையின் நோக்கத்தையே தோற்கடிப்பது.

பதில்பொதி திரும்பி வரும்போதும் ஓர் இடறல் காத்திருக்கிறது. ஆர்.பி. ஃபில்டர் எனப்படும் எதிர்வழிச் சோதனை கடுமையான நிலையில், அதாவது மதிப்பு 1 ஆக இருந்தால், ஒரு பொதி எந்த இடைமுகத்தில் வந்ததோ அதே இடைமுகம்தான் அப்பொதியை அனுப்பியவருக்குத் திரும்பிச் செல்லும் சிறந்த வழியாகவும் இருக்க வேண்டும். இல்லையேல் கெர்னல் அதை ஓசையின்றிக் கைவிட்டுவிடும். மாற்றுவழியில் அனுப்பிய சோதனைக்கு மாற்றுவழியிலேயே பதில் வந்தாலும், சிறந்த வழி முதல் இடைமுகம் என்று அட்டவணை சொல்வதால் அப்பதில் நிரலின் கைக்கு எட்டாது. நலமாயிருக்கும் மாற்றுவழி நோயுற்றதாகத் தோன்றும். இதற்குத் தளர்வான நிலையான 2 என்ற மதிப்பை அமைக்கலாம். எல்லா இடைமுகங்களுக்கும் பொதுவான மதிப்பு, தனி இடைமுகத்தின் மதிப்பு ஆகிய இரண்டில் பெரியதே செயல்படும் என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

மேற்கண்ட இரண்டு இடறல்களையும் ஒருசேர நீக்கும் கருவி லினக்ஸில் 1999ஆம் ஆண்டின் 2.2 பதிப்பிலிருந்தே இருக்கிறது என்பது இந்நடைமுறையை ஆராயும் எவரையும் வியக்க வைக்கும். அலெக்ஸி குஸ்னெட்சோவின் உழைப்பால் வந்த கொள்கைசார் வழியிடல், ஒரே கணினியில் பல வழித்தட அட்டவணைகளை வைத்துக்கொள்ளவும், பொதியின் புறப்பாட்டு முகவரி, அதன்மீது இட்ட குறி போன்றவற்றைக் கொண்டு எந்த அட்டவணையைப் பார்ப்பது என்று விதி எழுதவும் இடம் தருகிறது. ஒவ்வொரு நிறுவனத்தின் இணைப்புக்கும் தனி அட்டவணை ஒன்றை உருவாக்கி, அந்நிறுவனம் தந்த முகவரியிலிருந்து புறப்படும் பொதிகள் அந்த அட்டவணையையே பின்பற்ற வேண்டும் என்று விதித்துவிட்டால், இரு வழிகளும் எப்போதும் உயிருடன் நிற்கும். சோதனைப் பொதி தனக்குரிய முகவரியிலிருந்து புறப்பட்டுத் தனக்குரிய வழியிலேயே சென்று திரும்பும். எதிர்வழிச் சோதனையும் அதே விதியைப் பின்பற்றுவதால் கடுமையான நிலையிலும் பதிலைத் தடுக்காது. தடமாற்றத்தின்போது மாறவேண்டியது முதன்மை அட்டவணையில் உள்ள விருப்ப வரிசை ஒன்று மட்டுமே. நெட்வொர்க்மேனேஜர் இதே மனப்பாங்கின் எளிய வடிவத்தைக் கையாள்கிறது: கம்பி இணைப்புக்கு 100, வைஃபைக்கு 600, கைப்பேசி மோடத்துக்கு 700 என மெட்ரிக் தந்து, ஒரு வலைமுகவரியைத் தொட முயன்று அது கைகூடாதபோது அந்த இடைமுகத்தின் வழியை நீக்காமல் அதன் மெட்ரிக்கோடு 20,000 கூட்டிவிடுகிறது. இணையம் இருக்கிறதா என்பதைப் பிங்கால் அல்லாமல் வலைப்பக்கக் கோரிக்கையால் சோதிப்பது, பயனர் உண்மையில் செய்யும் செயலுக்கு நெருக்கமானது, பாராட்டத்தக்கது. அச்சோதனையின் இயல்பு இடைவெளி 300 நொடி என்பதுதான் குறை. மேசைக்கணினிக்கு ஐந்து நிமிடம் பொறுக்கத்தக்கது, பணப்பரிமாற்றம் நடக்கும் அலுவலக நுழைவாயிலுக்குப் பொருந்தாது.

வழி மாறிவிட்டது என்பதாலேயே வேலை முடிந்துவிடுவதில்லை. டி.சி.பி. உரையாடல் ஒவ்வொன்றும் இருமுனைகளின் முகவரிகளோடு பிணைக்கப்பட்டது. ஃபைபர் நிறுவனத்தின் முகவரியிலிருந்து தொடங்கிய உரையாடல் 4ஜி வழியில் தொடர முடியாது. அதே பழைய முகவரியுடன் பொதிகள் 4ஜி வழியே வெளியேற முயன்றால், தம்முடையதல்லாத முகவரியிலிருந்து வரும் பொதிகளைத் தடுக்குமாறு 2000ஆம் ஆண்டின் ஆர்.எஃப்.சி. 2827 பரிந்துரைத்தபடி அந்நிறுவனம் அவற்றைக் கைவிடக்கூடும். பயன்பாட்டு நிரலுக்கோ இது உடனே தெரியாது: டி.சி.பி. ரிட்ரைஸ் 2 அமைப்பின் இயல்பு மதிப்பான 15இன்படி, கெர்னல் நம்பிக்கையிழந்து பிழையை அறிவிக்க ஏறத்தாழ 924.6 நொடிகள், அதாவது கால்மணி நேரத்துக்கும் சற்று மேல் ஆகலாம். பதினைந்து நொடியில் வழியை மாற்றிவிட்டதாக நிரல் பதிவுசெய்யும்போது, தரவுத்தளத்தோடு திறந்த உரையாடல் கால்மணி நேரம் உறைந்து நிற்கிறது.

அலுவலகக் கணினிகள் பலவற்றின் பொதிகளை முகவரி மாற்றி அனுப்பும் திசைவியாக லினக்ஸ் செயல்படும்போது சிக்கல் இன்னும் நுட்பமாகிறது. முகவரி மாற்றம் ஒவ்வொன்றையும் கான்ட்ராக் எனப்படும் இணைப்புப் பதிவேடு நினைவில் வைத்திருக்கிறது. மாஸ்கரேட் வகை விதி, பொதி வேறு இடைமுகத்தில் வெளியேறுவதைக் கண்டதும் பழைய பதிவைக் கைவிட்டுவிடும். நிலையான முகவரியைத் தரும் எஸ்நாட் விதியோ பழைய முகவரியையே தொடர்ந்து ஒட்டி அனுப்பும். இணையத் தொலைபேசிகள் இதில் மிகவும் பாதிக்கப்படுபவை. அவை யு.டி.பி. வழியாகச் சில பத்து நொடிகளுக்கு ஒருமுறை சிறுபொதி அனுப்பித் தம் பதிவைப் புதுப்பிக்கின்றன. அப்புதுப்பிப்பே 120 நொடியில் காலாவதியாக வேண்டிய பழைய பதிவை உயிருடன் வைத்திருப்பதால், மற்றவை எல்லாம் மாற்றுவழியில் இயங்கிக்கொண்டிருக்கத் தொலைபேசி மட்டும் ஊமையாகிவிடும். தடமாற்றம் செய்யும் நிரல், கைவிடப்பட்ட முகவரிக்குரிய பதிவுகளைக் கான்ட்ராக் கட்டளையால் அழிக்கும் ஒரு வரியையும் கொண்டிருந்தால் இது நேராது. அந்த ஒரு வரி விடுபட்ட நிரல்களே மிகுதி. பெயர்த்தீர்வும் இத்தகையதே: ஃபைபர் நிறுவனத்தின் பெயர்ச் சேவையகம் தன் சந்தாதாரருக்கு மட்டுமே விடை தரும் வகையினதாக இருந்தால், வழி மாறிய பிறகு வலைத்தளங்கள் எவையும் திறக்காது, வழியோ நன்றாகத்தான் இருக்கும்.

கணினி தானே தீர்ப்பு வழங்காமல், அப்பொறுப்பைத் திசைவிகளிடம் விடும் மாற்றுநெறியும் உண்டு. 1998இல் ஆர்.எஃப்.சி. 2338 வரையறுத்த வி.ஆர்.ஆர்.பி. நெறிமுறையில் இரண்டு திசைவிகள் ஒரே மெய்நிகர் முகவரியைப் பகிர்ந்துகொள்கின்றன; முதன்மைத் திசைவி நொடிக்கொருமுறை தன் இருப்பை அறிவிக்க, அந்த அறிவிப்பு மூன்று நொடிக்கும் சற்று மேல் நின்றால் மற்றது அம்முகவரியை ஏற்றுக்கொள்கிறது. கணினிக்கு ஒரே நுழைவாயில்தான் தெரியும். மாற்றம் நடந்ததே தெரியாது. லினக்ஸில் கீப்அலைவ்டி இப்பணியைச் செய்கிறது. பல கணினிகள் உள்ள இடத்தில் இதுவே முறையான வழி என்பதில் ஐயமில்லை. ஆயினும் திசைவி நலமாயிருக்க, அப்பால் உள்ள ஃபைபர் மட்டும் அறுந்தால் வி.ஆர்.ஆர்.பி. தானாக எதையும் அறியாது. கீப்அலைவ்டியின் சோதனை நிரல் வசதியைக் கொண்டு நிர்வாகிகள் அங்கேயும் ஒரு பிங்கைத்தான் எழுதிவைக்கின்றனர். மூன்றாவது கேள்வி இடம் மாறுகிறதே ஒழிய மறைவதில்லை.

ஐ.பி. ஆறாம் பதிப்பில் நுழைவாயில்கள் தம்மைத் தாமே அறிவிக்கின்றன. 2007ஆம் ஆண்டின் ஆர்.எஃப்.சி. 4861, அண்டை எட்டுகிறதா என்பதை அறியும் முறையை நெறிமுறையின் உள்ளேயே வைத்து, எட்டாத நுழைவாயிலைத் தவிர்க்கச் சொல்கிறது. எந்த நிறுவனத்தின் முகவரியிலிருந்து புறப்படுகிறதோ அந்நிறுவனத்தின் நுழைவாயிலுக்கே பொதியை அனுப்பவேண்டும் என்ற கருத்தை 2016ஆம் ஆண்டின் ஆர்.எஃப்.சி. 8028 தெளிவாக்கியது. உரையாடல்கள் முறிவதற்கான தீர்வு இன்னும் மேலடுக்கில் இருக்கிறது: 2020இல் லினக்ஸ் 5.6 பதிப்போடு நுழையத் தொடங்கிய மல்டிபாத் டி.சி.பி. ஒரே உரையாடலை இரு வழிகளிலும் நடத்துகிறது. க்விக் நெறிமுறை, முகவரி மாறினாலும் உரையாடலைத் தொடர அனுமதிக்கிறது. இரண்டுக்கும் இருமுனைகளிலும் ஆதரவு வேண்டும் என்பதால், அலுவலகத்தின் பழைய கணக்கு மென்பொருளுக்கு அவை உதவ நெடுங்காலம் ஆகும்.

எஞ்சுவது திரும்பிவரும் வழி. முதல் வழி சீரானதும் எப்போது அதற்குத் திரும்புவது என்பதில் பெரும்பாலான நிரல்கள் போதிய கவனம் செலுத்துவதில்லை. ஒரு பிங்குக்குப் பதில் வந்தவுடனேயே திரும்பிவிடுகின்றன. பழுதுபார்க்கப்படும் ஃபைபர் சில நொடிகள் உயிர்பெற்று மீண்டும் அணைவது வழக்கம். ஒவ்வோர் அசைவுக்கும் நிரல் வழியை மாற்றினால், அறுந்த இணைப்பைவிட ஊசலாடும் இணைப்பே பயனருக்குப் பெருந்தொல்லையாகும். ஆகவே மாறுவதற்குச் சில நொடி மௌனம் போதும். திரும்புவதற்குச் சில நிமிடம் இடையறாத பதில் வேண்டும். இரண்டுக்கும் ஒரே எண்ணிக்கையை வைக்கும் நிரல்கள், போகும் பயணமும் திரும்பும் பயணமும் ஒரே விலை கொண்டவை என்று தவறாகக் கொள்கின்றன. போகும்போது பழைய வழி செத்திருப்பதால் உரையாடல்கள் எப்படியும் முறிந்துவிட்டன. திரும்பும்போது மாற்றுவழி உயிருடன் இருக்கிறது, அதில் நடக்கும் உரையாடல்களைத் திரும்புதலே முறிக்கிறது. ஆனால் அவை முறிந்தே தீரவேண்டும் என்பதில்லை. புறப்பாட்டு முகவரிக்கேற்ற தனி அட்டவணைகள் நிலைத்திருந்தால், மாற்றுவழியின் முகவரியில் கணினி தானே தொடங்கிய உரையாடல்கள் முதன்மை அட்டவணை மாறிய பின்னும் மாற்றுவழியிலேயே சென்று முடியும்; திசைவி கடத்திவிடும் பிறரது உரையாடல்களுக்கும், தொடங்கியபோது இட்ட இணைப்புக்குறியைப் பதிவேட்டில் காத்து அதே வழியில் செலுத்தும் கான்மார்க் விதி அதே பாதுகாப்பைத் தரும். புதிய உரையாடல்கள் மட்டும் ஃபைபருக்குச் செல்ல, பழையவை 4ஜியில் தம் வேலையை முடித்துக்கொண்டு ஒவ்வொன்றாக ஓய்ந்துவிடும்.